ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டி சேர்க்கை: அமெரிக்காவில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை மாதம் பிறந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்: "அக்கா, உங்க பெரியவ சொராரிட்டியில இருந்தாள்ல? எங்க பொண்ணும் போறேங்கறா." இங்கே கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் நம்மில் பலர் படித்தது இந்தியாவிலோ இலங்கையிலோதான். நாம் படித்த கல்லூரியில் இப்படி ஒன்று இருந்ததே இல்லை. என் மூத்த மகள் சொராரிட்டிச் சேர்க்கை வாரத்தைக் கடந்தபோது எனக்கும் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால், அவள் அழுதுகொண்டே ஃபோன் செய்த காலையில் வேறு மாதிரி பேசியிருப்பேன். என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டின்னா என்ன அக்கா? ஹாஸ்டலா, கிளப்பா?"

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். ஒரே கல்லூரி மாணவர்கள் உறுப்பினராகச் சேர்ந்து, சந்தா கட்டி, தங்களுக்குள் தலைவர், பொருளாளர் என்று தேர்ந்தெடுத்து நடத்தும் சங்கம் இது. ஆண்களுடையது ஃப்ரெட்டர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. லத்தீனில் சகோதரன், சகோதரி என்ற சொற்களிலிருந்து வந்த பெயர்கள். சங்கத்தின் பெயர் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளாக இருக்கும். அதனால் மொத்தத்தையும் 'கிரீக் லைஃப்' என்பார்கள். தேசிய அளவில் ஒரு தலைமை அலுவலகம், கல்லூரிதோறும் ஒரு கிளை. கிளைக்குப் பெயர் 'சாப்டர்'.

பல கல்லூரிகளில் சாப்டருக்கென்று பெரிய வீடு உண்டு. சமையல்காரர், பொதுக்கூடம், மாடியில் படுக்கையறைகள் எல்லாம் இருக்கும். முதலாண்டில் பெரும்பாலும் கல்லூரி விடுதியான டார்மில்தான் இருப்பார்கள். அந்த வீட்டுக்குக் குடிபோவது இரண்டாம் ஆண்டில். வீடே இல்லாத சாப்டர்களும் நிறைய.

"அதுல சேர்ந்து என்ன பிரயோஜனம்?"

முப்பதாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் முதல் மாதமே பெயர் சொல்லிக் கூப்பிட நூறு பேர் கிடைப்பார்கள். என் மகளுக்கு முதல் இன்டர்ன்ஷிப் கிடைத்தது அவள் சாப்டரில் முன்பு இருந்த ஒரு பெண் மூலமாகத்தான். நூறு பேர் சாப்பிடும் விழாவுக்குக் கணக்கு எழுதவும், நிதி திரட்டவும், முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். இதெல்லாம் வேறு சங்கங்களிலும் கிடைக்கும். சேராவிட்டால் கல்லூரி வாழ்க்கையே போயிற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"ரஷ்னு ஒருத்தர் சொல்றாங்க, ரெக்ரூட்மெண்ட்னு ஒருத்தர் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றுதான். ரஷ் பழைய பேச்சு வழக்கு, ரெக்ரூட்மெண்ட் அலுவலகச் சொல். சேர வருபவரை 'பி.என்.எம்.' என்பார்கள், வருங்கால உறுப்பினர் என்று பொருள். சங்கம் கொடுக்கும் அழைப்புக்குப் பெயர் 'பிட்'. இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் மகள் ஃபோனில் பேசுவதில் பாதி புரிந்துவிடும்.

"எல்லாமே ஒரே மாதிரிதானா? ஒண்ணைப் பத்தித் தெரிஞ்சா போதுமா?"

போதாது. இங்கேதான் நம் வீடுகளில் குழப்பம் ஆரம்பிக்கிறது. பெரிய அளவில் நான்கு வகை உண்டு, சேரும் வழியும் வேறு வேறு. முதல் வகை, 1902-இல் தொடங்கிய தேசிய பான்ஹெலெனிக் மாநாட்டில் உள்ள 26 சொராரிட்டிகள். சமூக வலைத்தளங்களில் வரிசையாக நின்று கைதட்டிப் பாடுகிற பெண்கள் இவர்கள்தான். சேர்க்கை முழுவதும் அட்டவணை போட்டு, கணினி வழியாக நடக்கும். இரண்டாவது, இன்டர்ஃப்ரெட்டர்னிட்டி கவுன்சிலின் கீழ் வரும் ஆண்கள் சங்கங்கள். அங்கே சேர்க்கை இவ்வளவு கட்டுப்பாடாக இருக்காது.

மூன்றாவது, கறுப்பின மாணவர்கள் தங்களை வெள்ளையர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் தாங்களே கட்டியெழுப்பிய ஒன்பது சங்கங்கள். 'டிவைன் நைன்' என்பார்கள். 1906-இல் கார்னெலில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினர். 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் கமலா ஹாரிஸ் உறுப்பினர். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் நம் ஊர்க்காரர் என்பதால் இந்தப் பெயர் நம் வீடுகளிலும் புழங்குகிறது. இவற்றில் 'ரஷ் வாரம்' கிடையாது. 'இன்டேக்' என்ற தனி முறை: விண்ணப்பம், நேர்காணல், சேவைப் பதிவு, அதற்கு முன்பே அந்தச் சங்கத்தின் நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்த பழக்கம். உறுப்பினராவது வாழ்நாள் பந்தம் என்று உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான்காவது, லத்தீனோ, ஆசிய, தெற்காசியச் சங்கங்கள். தெற்காசியச் சங்கங்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"எப்ப நடக்கும்? எப்ப பேர் கொடுக்கணும்?"

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சொராரிட்டி சேர்க்கை ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அலபாமா பல்கலைக்கழகத்தில் அந்த வாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொள்கிறார்கள். வேறு கல்லூரிகள் முதல் செமஸ்டர் மதிப்பெண் வரட்டும் என்று ஜனவரிக்குத் தள்ளிவைக்கும். பிரின்ஸ்டனில் முதலாண்டு மாணவர்கள் சேரவே கூடாது.

ஆகஸ்டு சேர்க்கை என்றால் கோடையிலேயே இணையத்தில் பதிய வேண்டும். பதிவுக் கட்டணம் உண்டு. கடைசித் தேதிக்குப் பிறகு விலகினால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. என்னைக் கேட்டால் ஜனவரி முறைதான் நல்லது. பிள்ளை கல்லூரியில் நாலு மாதம் இருந்து, எந்தச் சங்கத்தில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

"அந்த ஒரு வாரத்துல என்னதான் நடக்குது? பொண்ணு காலைல போனா ராத்திரிதான் ஃபோன் எடுக்கறா."

பான்ஹெலெனிக் சேர்க்கை பொதுவாக நான்கு சுற்று. முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். அரை மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆகஸ்டு வெயிலில் பெண்கள் அகரவரிசையில் வரிசைகட்டி நிற்பார்கள். கதவு திறந்ததும் உள்ளே ஐம்பது அறுபது பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் முகம் தெரிய நெருக்கி நின்று கைதட்டிப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு பெண் வந்து உங்கள் மகளைக் கையோடு உள்ளே கூட்டிப்போவாள். இரண்டு நிமிடம் பேச்சு, இன்னொருத்தி வந்து அந்த இடத்தைப் பிடிப்பாள், அப்புறம் மூன்றாமவள். வெளியே வரும்போது யார் பெயரும் நினைவிருக்காது. என் மகள் பையில் ஒரு ஜோடி தட்டையான செருப்பு, தண்ணீர், கையடக்க விசிறி, ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் இரண்டு வரி எழுத ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். அந்தக் குறிப்பேடுதான் அவளைக் காப்பாற்றியது.

அன்று இரவு அவள் வீடுகளைத் தன் விருப்பப்படி வரிசைப்படுத்திக் கணினியில் பதிவாள். அதே இரவு ஒவ்வொரு வீடும் யாரைத் திரும்ப அழைப்பது என்று பட்டியல் கொடுக்கும். இரண்டையும் கணினி பொருத்தி, மறுநாள் காலை புது அட்டவணை வரும். இரண்டாம் சுற்றில் சங்கம் செய்யும் அறப்பணி, மூன்றாம் சுற்றில் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை, செலவு, வீடு பற்றிய பேச்சு. வீடுகளின் எண்ணிக்கை குறைய, பேச்சு நீளும். கடைசிச் சுற்றுக்குப் பெயர் 'ப்ரெஃபரன்ஸ்', சுருக்கமாக 'ப்ரெஃப்'. பெரும்பாலும் இரண்டு வீடு மட்டுமே. விளக்கைத் தணித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, யாராவது ஒரு பெண் சங்கம் தனக்கு என்ன செய்தது என்று சொல்லிக் கண்கலங்குவாள். அதிலிருந்து வெளியே வந்த கையோடு கடைசி விருப்பத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மறுநாள் 'பிட் டே', அழைப்பு வரும் நாள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த மாணவி வழிகாட்டியாக இருப்பாள். பல இடங்களில் 'ரோ காமா' என்று பெயர். அந்த வாரம் முழுவதும் தான் எந்தச் சங்கம் என்று வெளியே காட்டமாட்டாள். தயங்காமல் அவளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

"இது பொண்ணு பார்க்கற மாதிரில்ல இருக்கு! இருபது நிமிஷத்துல ஒருத்தியைப் பத்தி என்ன தெரியும்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பாவுக்கு நிஜமாகவே கோபம். அவர் கோபம் நியாயம்தான். இருபது நிமிடத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. தோற்றம், உடை, ஏற்கெனவே யாரைத் தெரியும் என்பதெல்லாம் எடையில் ஏறத்தான் செய்கிறது. இரண்டு பக்கமும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். சொல்வது சரி, ஆனால் தராசு சமமாக இல்லை. மகள் போவதற்கு முன்பே வீட்டில் இதைப் பேசிவிடுங்கள். போன பிறகு பேசினால் ஆறுதலாகக் கேட்காது, குத்திக்காட்டுவது போலக் கேட்கும்.

"எங்க பொண்ணு கூச்ச சுபாவம். என்ன பேசணும்னு தெரியாம முழிப்பா."

கேள்விகள் எளிமையானவை: எந்த ஊர், என்ன படிக்கிறாய், கோடையில் என்ன செய்தாய். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாமல் ஒரு சின்னக் கதையாகச் சொன்னால் பேச்சு தானாக ஓடும். "பரதநாட்டியம் ஆடுவேன்" என்பதைவிட, "அரங்கேற்றத்தில் சலங்கை அவிழ்ந்துவிட்டது, ஆடிக்கொண்டே காலால் ஒதுக்கிவிட்டேன்" என்று சொன்னால் அவளை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். பெயரைச் சுருக்க வேண்டியதில்லை. எப்படிச் சொல்வது என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆண் நண்பர்கள், குடி, அரசியல், மதம், பணம் ஆகியவற்றைப் பேசாமலிருப்பது அங்கே எழுதாத வழக்கம்.

அவளும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். "இந்த வாரம் உங்களுக்குள் என்ன சண்டை வந்தது, எப்படித் தீர்த்தீர்கள்?" என்று என் மகள் ஒரு வீட்டில் கேட்டாள். பதில் சொன்ன பெண் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவும் தகராறு ஒன்றைச் சொன்னாள். அவள் கடைசியில் சேர்ந்தது அந்த வீட்டில்தான்.

"டிரெஸ்ஸுக்கே ஆயிரக்கணக்குல ஆகும்னு வீடியோல்லாம் வருதே?"

2021-இல் அலபாமா பெண்கள் தினமும் என்ன உடுத்தினோம் என்று போட்ட டிக்டாக் வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. அதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் முதல் சுற்றுக்கு எல்லோருக்கும் ஒரே டி-ஷர்ட் கொடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களுக்குச் சாதாரண உடை, கடைசி நாளுக்கு ஒரு நல்ல உடை. எந்த நாளுக்கு எது என்று கல்லூரியின் பான்ஹெலெனிக் பக்கத்திலேயே படத்தோடு இருக்கும்.

"பசங்களுக்கும் இதே மாதிரிதானா?"

இல்லை. ஃப்ரெட்டர்னிட்டி சேர்க்கையில் கணினிப் பொருத்தம் பெரும்பாலும் கிடையாது. ஓரிரு வாரம் ஒவ்வொரு வீட்டிலும் திறந்த நிகழ்ச்சி இருக்கும்: பர்கர் சுடுவது, கூடைப்பந்து, வீடியோ கேம். பையன் தனக்குப் பிடித்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவான், அவர்கள் கவனிப்பார்கள், பிறகு அழைப்பு மட்டும் வரும் தனி நிகழ்ச்சி, அப்புறம் பிட். கையில் இரண்டு மூன்று பிட் கிடைத்து அவனே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு.

முறைப்படி இல்லாததால் சிக்கலும் அதிகம். என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது என்பதைக் கல்லூரி முழுதாகப் பார்ப்பதில்லை. பையன்தானே என்று நாமும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். என் அனுபவத்தில் அதிகம் கேட்க வேண்டியது பையன்களிடம்தான்.

"மொத்தமா எவ்வளவு ஆகும்? நேராச் சொல்லுங்க."

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. வீடில்லாத சின்னச் சாப்டரில் செமஸ்டருக்குச் சில நூறு டாலர். வீட்டில் தங்கிச் சாப்பிடுவதையும் சேர்த்தால் பல ஆயிரம். முதல் வருடத்தில் தனியாக வருபவை: புது உறுப்பினர் கட்டணம், இனிஷியேஷன் (முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) கட்டணம், சட்டையில் குத்தும் பேட்ஜ். வீட்டில் தங்காதவர்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக் கட்டணமும் வாரத்தில் சில வேளைச் சாப்பாட்டுக் கட்டணமும் பல இடங்களில் உண்டு. இதற்குமேல் டி-ஷர்ட், நடன விருந்துக்கான உடை, பரிசுப் பொருட்கள், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம்.

மூன்றாம் சுற்றில் இதை நேரடியாகக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமே இல்லை. கேட்க வேண்டியவை மூன்று: முதல் வருடம் மொத்தம் எவ்வளவு, தவணையில் கட்டலாமா, இரண்டாம் ஆண்டில் வீட்டில் தங்குவது கட்டாயமா. மூன்றாவதைக் கேட்க மறந்து, ஏற்கெனவே அபார்ட்மெண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு இடத்துக்கும் வாடகை கட்டிய குடும்பம் எனக்குத் தெரியும்.

"படிப்பு கெட்டுப் போயிடாதா?"

முதல் செமஸ்டரில் நேரம் போகும், அது உறுதி. வாரக் கூட்டம், புது உறுப்பினர் வகுப்பு, சேவை, நிகழ்ச்சி எல்லாம் சேர்ந்து வாரத்துக்குப் பல மணி நேரம். இன்னொரு பக்கம், ஏறக்குறைய எல்லாச் சாப்டரும் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வைத்திருக்கின்றன; இறங்கினால் நிகழ்ச்சிகளுக்கு அனுமதியில்லை. நூலக நேரத்துக்குக் கணக்கு வைக்கும் சாப்டர்களும் உண்டு. முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பயாலஜி மூன்றையும் எடுத்திருக்கும், மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் ப்ரீமெட் பிள்ளைக்கு மட்டும் நான் சொல்வது: ஒரு வருடம் பொறுத்து இரண்டாம் ஆண்டில் போ.

"நம்ம பிள்ளைங்களைச் சேர்த்துக்குவாங்களா? நிறம் பார்க்க மாட்டாங்களா?"

மழுப்பாமல் சொல்கிறேன். 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி வெளியிட்டது: நல்ல மதிப்பெண் உள்ள கறுப்பின மாணவிகளை, உறுப்பினர்கள் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்கள் தடுத்து வீடு வீடாக நிராகரித்தார்கள் என்று அதில் மாணவிகளே சொன்னார்கள். நாடு முழுக்கப் பேச்சாகி, பல்கலைக்கழகம் சேர்க்கையைத் திரும்பத் திறக்க வைத்தது. இது நடந்தது 1963-இல் இல்லை, 2013-இல்.

அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. இன்று நம் பெண்கள் பல கல்லூரிகளில் பான்ஹெலெனிக் சாப்டர்களில் இருக்கிறார்கள், தலைவராகவும் வருகிறார்கள். ஆனால் எல்லா வீடும் ஒன்றல்ல. உள்ளே போகும்போது மகள் சுற்றிப் பார்க்கட்டும். நூற்றைம்பது பேரில் தன்னைப்போல யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடமே கேட்கட்டும். அந்த ஒரு பெண்ணின் பதிலும், பதில் சொல்லும்போது அவள் முகமும் போதும்.

"இண்டியன் ஃப்ரெட்டர்னிட்டின்னு ஏதோ இருக்காமே?"

இருக்கிறது. தெற்காசியப் பிள்ளைகள் தொடங்கியவை பெரும்பாலும் 1990-களில் பிறந்தவை. இங்கே பிறந்து வளர்ந்த முதல் பெரிய தலைமுறை கல்லூரிக்கு வந்த காலம் அது. சிக்மா பீட்டா ரோ 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பெண்களுக்கான டெல்டா ஃபை ஒமேகா 1998-இல் ஹூஸ்டனில், கப்பா ஃபை காமா அதே ஆண்டு ஆஸ்டினில். ஆண்களுக்கான பீட்டா கை தீட்டா 1999-இல் யு.சி.எல்.ஏ.வில். தெற்காசியர் அல்லாதவர்களும் சேரலாம்.

இவை சின்னவை. ஒரு வருடத்தில் ஐந்து பத்துப் பேரைச் சேர்த்தாலே பெரிது. சேரும் குழுவை 'லைன்' என்பார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் எல்லோர் முன்பும் அவர்களை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி உண்டு, 'ப்ரோபேட்' என்பார்கள். தீபாவளி கொண்டாட ஆள் இருக்கும், வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி விளக்க வேண்டியிருக்காது. அதற்காக, நம்மவர்கள்தானே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஏன் என்று ஹேசிங் (புதியவர்களைக் கொடுமைப்படுத்துவது) பற்றிய பதிலில் சொல்கிறேன்.

"நாங்க இங்க படிக்கல. லெகசி, ரெகமண்டேஷன் லெட்டர்லாம் இல்லாம போக முடியுமா?"

முடியும். அம்மாவோ பாட்டியோ அதே சொராரிட்டியில் இருந்தால் அந்தப் பெண் 'லெகசி'. முன்பு அவர்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. 2020 வாக்கில் பல தேசிய சொராரிட்டிகள் அதைக் கைவிட்டன. பரிந்துரைக் கடிதமும் பல இடங்களில் இப்போது கட்டாயமில்லை. தெற்கில் சில கல்லூரிகளில் இன்னும் கேட்கிறார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று யாராவது அந்தச் சங்கத்தில் இருந்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள். விசாரித்தால் ஆச்சரியமாக யாராவது கிடைப்பார்கள்.

"ராகிங் மாதிரி கொடுமைல்லாம் நடக்குமா? நேத்து ராத்திரி தூக்கமே வரல."

நாவரசு என்ற பெயரை நம் தலைமுறை மறக்கவில்லை. 1996-இல் அந்த மருத்துவ மாணவர் கொலைக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதனால் இந்தப் பயம் நமக்கு இயல்பு. இங்கே இதற்குப் பெயர் 'ஹேசிங்'. ராகிங்கில் கண்ணில் படும் ஜூனியரையெல்லாம் பிடிப்பார்கள். ஹேசிங் அப்படியில்லை, உள்ளே வருவதற்குக் கொடுக்கும் விலை என்று சொல்லி, சேர வந்தவனையே தலையாட்ட வைத்துச் செய்வது. "அவனாத்தான் குடிச்சான்" என்று பிறகு சொல்வார்கள். பல மாநிலச் சட்டங்களில் சம்மதித்தான் என்பது தப்பிக்கும் வழியே இல்லை.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புது உறுப்பினர்களை வரிசையாகக் குடிக்கவைத்த இரவில் டிமோதி பியாசா என்ற மாணவர் படிக்கட்டில் விழுந்தார். பல மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் இறந்த பிறகு பென்சில்வேனியா 2018-இல் அவர் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. 2013 டிசம்பரில் நியூயார்க் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர், ஓர் ஆசிய அமெரிக்க ஃப்ரெட்டர்னிட்டி பென்சில்வேனியாவில் நடத்திய சடங்கில், கண்ணைக் கட்டி முதுகில் பாரம் ஏற்றித் தள்ளப்பட்டு இறந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்தார்கள். அந்தச் சங்கத்துக்கே பென்சில்வேனியாவில் 10 ஆண்டு தடை விதிக்கப்பட்டது. நம்மவர்கள் என்று கண்ணை மூட வேண்டாம் என்றது இதனால்தான்.

எல்லாச் சாப்டரிலும் இது நடப்பதில்லை. எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேசிங் செய்ததாக முடிவான சங்கங்களின் பெயரையும் நடந்ததையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கல்லூரிப் பெயரோடு 'ஹேசிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். பிள்ளை பெயர் சொல்லும் சங்கம் அதில் இருந்தால், அந்தப் பக்கத்தை அவனோடு உட்கார்ந்து படியுங்கள்.

"நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கேட்டா 'ஒண்ணுமில்லம்மா'ங்கறான்."

என் நாத்தனார் மகனுக்கு ஒரு சங்கத்திலிருந்து வந்த குறுஞ்செய்தியை நான் பார்த்தேன்: இரவு 11 மணி, கறுப்புச் சட்டை, ஃபோனை அறையில் வைத்துவிட்டு வா, யாரிடமும் சொல்லாதே. நான்கு வரியில் எல்லாமே இருக்கிறது. ஃபோனைப் பிடுங்குவது, இடம் சொல்லாமல் கூட்டிப்போவது, ரகசியம் காக்கச் சொல்வது, தூங்கவிடாமல் வேலை வாங்குவது, காசு கறப்பது, மூத்தவர்களுக்கு டிரைவராக வைத்துக்கொள்வது: இவற்றில் எதுவும் 'வெறும் மரபு' இல்லை. அவன் அன்றிரவு போகவில்லை. இரண்டு நாள் சோர்ந்துபோய்க் கிடந்தான், அப்புறம் சரியாகிவிட்டான்.

ஒன்றை மட்டும் இப்போதே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே 911. உதவிக்குக் கூப்பிட்டவருக்குப் பல மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

"குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவாங்களா? எங்க பையன் F-1 விசால இருக்கான்."

பான்ஹெலெனிக் சொராரிட்டிகளின் சேர்க்கை நிகழ்ச்சிகளில் மது கூடவே கூடாது. ஃப்ரெட்டர்னிட்டி வீடுகளில் கடுமையான மதுவகைக்கு, அதாவது 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளவற்றுக்கு, தேசியக் கூட்டமைப்பு 2019 முதல் தடை போட்டது. காகிதத்தில் இப்படி. ஆனால் விருந்துகளில் மது இருக்கிறது. குடிக்கச் சட்டப்படி வயது 21. முதலாண்டுப் பிள்ளைக்கு 18. கையில் ஒரு கோப்பை சோடாவை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விசாவில் இருப்பவர்களும் தாராளமாகச் சேரலாம். உறுப்பினராவது வேலை ஆகாது. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பேகூட விசா ரத்தாகலாம். குடியுரிமை உள்ள நண்பனுக்கு அபராதத்தோடு போவது உங்கள் மகனுக்கு விமான டிக்கெட்டாக முடியலாம்.

"சைவம், சாமி விஷயம்லாம்?"

சாப்பாடு பிரச்சினையில்லை, சமையல்காரரிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும். பழைய சங்கங்கள் சிலவற்றின் சடங்கில் கிறிஸ்தவ வாசகங்கள் உண்டு. சடங்கு ரகசியம் என்றாலும், "என் மத நம்பிக்கைக்கு மாறாக உறுதிமொழி இருக்குமா?" என்று கேட்டால் சொல்வார்கள்.

"பிடிச்ச வீடெல்லாம் ரெண்டாவது நாளே கைவிட்டுடுச்சு. என் பொண்ணுகிட்ட என்ன குறை?"

காலை ஏழரை மணிக்கு என் மகளின் ஃபோன் இதற்காகத்தான் வந்தது. பன்னிரண்டு வீடு போனவளுக்கு அன்று திரும்ப அழைத்தவை நான்கு. "போனா போகட்டும், படிப்பைப் பார்" என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் பெண்கள் சேர வேண்டும் என்று பான்ஹெலெனிக் ஒரு முறை வைத்திருக்கிறது. ஒரு வீடு அழைத்தால் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று முந்தைய ஆண்டுகளின் கணக்கைப் பார்த்து, இவ்வளவு பேரைத்தான் அழைக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். எல்லோரும் விரும்பும் வீடு முதல் இரவிலேயே நூற்றுக்கணக்கானவர்களை விட்டே ஆக வேண்டும். நன்றாகப் பேசிய பெண்ணையும் விடும். அந்த வீட்டிலிருந்த பெண்ணுக்கே அது வருத்தமாக இருந்திருக்கும். உங்கள் மகளிடம் குறை தேட வேண்டாம். முதலில் அழவிடுங்கள். அப்புறம், அழைத்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்திரத் தகராறு சொன்ன வீடு அந்த நான்கில் ஒன்று.

"கடைசி நாள்ல பிடிச்ச ஒரே ஒரு வீட்டு பேர மட்டும் எழுதலாமா?"

எழுதலாம், ஆனால் ஆபத்து. இரண்டு வீட்டுக்குப் போய் ஒன்றை மட்டும் எழுதி, அது கிடைக்காவிட்டால் அந்தச் சேர்க்கையில் எதுவும் கிடைக்காது. போன எல்லா வீட்டையும் எழுதினால் பெரும்பாலும் ஓர் அழைப்பு வந்துவிடும்.

இன்னொரு பக்கமும் தெரிய வேண்டும். ப்ரெஃப் முடிந்ததும் போடும் அந்தக் கையெழுத்து ஓர் ஒப்பந்தம். அதில் எழுதிய வீடு அழைத்து, மகள் மாட்டேன் என்றால், அதே கல்லூரியில் அடுத்த ஆண்டின் முக்கியச் சேர்க்கை வரை வேறு எந்தப் பான்ஹெலெனிக் சொராரிட்டியிலும் சேர முடியாது. "எழுதி வைப்போம், பிடிக்கலன்னா பார்த்துக்கலாம்" என்பது இங்கே நடக்காது. மெழுகுவர்த்தியும் கண்ணீருமாக இருந்த அறையிலிருந்து வந்த கையோடு அவள் தனியாக எடுக்கும் முடிவு இது. முந்தின நாளே இதைப் பற்றி அவளோடு பேசிவிடுங்கள்.

"பிட் கிடைக்கல. அவ்வளவுதானா?"

இல்லை. சேர்க்கை முடிந்தபின் இடம் மீந்த சாப்டர்கள் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கும். 'சி.ஓ.பி.' என்பார்கள். அதில் வீடு வீடாக ஓட்டமில்லை. காபி குடித்துப் பேசி, பிடித்தால் அழைப்பு. மேலே சொன்ன ஒப்பந்தம் பிட் கிடைக்காதவர்களைக் கட்டாது, அழைப்பே வராததால். தெற்காசியச் சங்கங்கள் பல வசந்த செமஸ்டரிலும் ஆள் சேர்க்கும். அடுத்த ஆண்டு முழுச் சேர்க்கைக்கும் திரும்பப் போகலாம்.

"சேர்ந்தப்புறம் பிடிக்கலன்னா வெளிய வர முடியுமா?"

எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிட் வாங்கிச் சில வாரம் புது உறுப்பினராக இருந்து, பிறகுதான் இனிஷியேஷன். அதற்கு முன் விலகினால் இழப்பு பணமும் மேலே சொன்ன ஓராண்டுக் காத்திருப்பும். இனிஷியேஷன் ஆகிவிட்டால் பான்ஹெலெனிக்கில் வேறொரு சொராரிட்டிக்கு மாறவே முடியாது, கல்லூரி மாறினாலும். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் விலகினாலும் அது தொடரலாம். அதைப் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

"ஆன்ட்டி, எனக்கு கிரேக்க எழுத்து போட்ட ஹானர் சொசைட்டிலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. இதுவும் ரஷ்தானா?"

இல்லை கண்ணா. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா தான் கிரேக்க எழுத்துச் சங்கங்களுக்கெல்லாம் மூத்தது. இன்று அது மதிப்பெண் அடிப்படையில் அழைக்கும் கௌரவச் சங்கம். பொறியியலில் டாவ் பீட்டா பை அதுபோல. ஆல்ஃபா கப்பா சை போன்றவை தொழில்முறைச் சங்கங்கள். ஆண் பெண் இருவரும் சேரலாம், சொராரிட்டியில் இருந்துகொண்டே சேரலாம். ஆனால் பெயரை மட்டும் வைத்துப் பணம் கேட்டு வரும் கடிதங்களும் உண்டு. உன் கல்லூரியில் அதற்குக் கிளை இருக்கிறதா, எந்தப் பேராசிரியர் பொறுப்பு என்று டீன் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டு.

"ஆன்ட்டி, வீட்டுல சொல்லாமலே சேர்ந்துடலாமா? சொன்னா அப்பா கத்துவாரு."

சட்டப்படி உனக்குப் 18 ஆகிவிட்டது, அவர்கள் கையெழுத்து வேண்டியதில்லை. கல்லூரியும் பொதுவாக உன்னைக் கேட்காமல் அவர்களிடம் சொல்லாது. ஆனால் பில் வரும், படம் வரும், யாராவது ஒரு மாமா பார்த்துச் சொல்வார். அதைவிட முக்கியம், ஓர் இரவு ஏதாவது சரியில்லாமல் போய், உன்னைக் கூட்டிப்போக ஆள் வேண்டுமென்றால், சொல்லாமல் சேர்ந்த விஷயத்துக்காக நீ அவர்களைக் கூப்பிடத் தயங்குவாய். அந்தத் தயக்கத்தைத்தான் நினைத்து எனக்குக் கவலை.

செலவைப் பற்றி மேலே எழுதிய மூன்று கேள்விக்கும் பதில் வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொள். ஹேசிங் அறிக்கையில் அந்தச் சாப்டர் பெயர் இல்லை என்பதையும் பார்த்து வை. இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அம்மாவிடம் போ. அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பள்ளி விட்டதும் என்னிடம் வா, நான் கூட வந்து உட்காருகிறேன்.